சூரியனா, புகையா? காலநிலை விவாதத்தில் யார் பேச்சை எடுத்துக்கொள்வது

நீங்கள் கேட்டது இது: "பூமி சூடாவதற்கு நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும்தான் காரணம் என்கிறார்கள். இல்லை, சூரியனும் இயற்கைச் சுழற்சியும்தான் என்று சில விஞ்ஞானிகளே பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் வரைபடம் காட்டுகிறது. என்னைப் போன்ற சாதாரண ஆள் யாரை நம்புவது? விஞ்ஞானிகளுக்குள் உண்மையிலேயே சண்டை இருக்கிறதா?"

சண்டை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். மனிதர்கள்தான் காரணமா என்ற கேள்வி அறிவியலுக்குள் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது. மேடையிலும் தொலைக்காட்சியிலும் மட்டும் அது முடியவே மாட்டேன் என்கிறது. யாரை நம்புவது என்று யோசிக்கும்போது ஆளைப் பார்க்காதீர்கள். ஒரு சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் அதைச் சோதித்தார்களா, சோதித்தபோது என்ன வந்தது, வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இந்த விவாதத்தின் நாற்பது வருட வரலாற்றை அப்படிப் பார்த்தால் குழப்பம் நிறையக் குறைந்துவிடும்.

முதலில் அடிப்படை. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது சமீபத்தில் யாரோ கிளப்பிய செய்தி இல்லை. 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த உருளைதான் அதிகம் சூடானது, ஆறுவதற்கும் அதிக நேரம் எடுத்தது. மூன்று வருடம் கழித்து லண்டனில் ஜான் டிண்டால், வெப்பக் கதிரைத் தடுப்பது காற்றில் ஏராளமாக இருக்கும் நைட்ரஜனோ ஆக்சிஜனோ இல்லை, கொஞ்சமே இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும்தான் என்று அளந்து காட்டினார். 1896இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரேனியஸ் கையால் கணக்குப் போட்டு, இந்த வாயு இரண்டு மடங்கானால் பூமி ஐந்து அல்லது ஆறு டிகிரி சூடாகும் என்றார். இன்றைய மதிப்பு சுமார் 3 டிகிரி. அவர் கணக்கு கூடுதலாகப் போனது, ஆனால் திசை சரி. இவர்கள் காலத்தில் காலநிலை அரசியல் என்று ஒன்று கிடையவே கிடையாது.

காற்றில் அந்த வாயு ஏறுகிறதா என்பதை 1958 மார்ச் முதல் ஹவாயின் மௌனா லோவா மலைச்சரிவில் சார்லஸ் கீலிங் தொடர்ந்து அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னால் சுமார் 280தான் இருந்தது என்பது அண்டார்டிகாவின் பழைய பனிக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளிலிருந்து தெரிகிறது. அந்தப் பனியில் எட்டு லட்சம் வருடக் கணக்கு பதிவாகியிருக்கிறது. அவ்வளவு காலத்திலும் அளவு 300ஐ ஒட்டி நின்றுவிட்டதே தவிர, இன்றைய அளவின் பக்கத்தில்கூட வந்ததில்லை. எரிமலை மேல் உட்கார்ந்து அளந்தால் அதிகமாகத்தானே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எரிமலையின் வாயு வந்து கலக்கும் நேரங்கள் பதிவில் தனியாகத் தெரியும், அவற்றைக் கழித்துவிடுகிறார்கள். அது போதாது என்றால் தென்துருவத்து அளவீட்டைப் பாருங்கள், அங்கேயும் இதே ஏற்றம்தான்.

சரி, ஏறியது நாம் விட்ட வாயுதானா? ஆதாரங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கார்பன் அணுவில் எடை வித்தியாசமுள்ள வகைகள் இருக்கின்றன. செடிகள் ஒளிச்சேர்க்கையில் எடை குறைந்த கார்பன் 12ஐ அதிகம் எடுத்துக்கொள்ளும், கார்பன் 13ஐக் குறைவாக எடுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களின் மிச்சம் என்பதால் அவற்றிலும் கார்பன் 13 குறைவு. அவற்றை எரித்தால் காற்றில் கார்பன் 13இன் விகிதம் இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே இருக்கிறது. கார்பன் 14 இன்னும் தெளிவான சாட்சி. அது சில ஆயிரம் வருடங்களில் பாதியாகச் சிதைந்துவிடும், அப்படியே குறைந்துகொண்டே போகும். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. அப்படியானால் நிலக்கரிப் புகை காற்றில் உள்ள கார்பன் 14ஐ நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். அணுகுண்டுச் சோதனைகள் வந்து கணக்கைக் குழப்புவதற்கு முன்பே, 1950களில் ஹான்ஸ் சூஸ் மர வளையங்களில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் ஆக்சிஜன். எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1980களின் இறுதியிலிருந்து அதை அளந்துவருகிறார். கரியமில வாயு ஏற ஏற ஆக்சிஜன் இறங்குகிறது, எரிபொருள் கணக்கோடு பொருந்தும்படி இறங்குகிறது. நமக்கு மூச்சு முட்டும் அளவுக்கெல்லாம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ வாயு கசிந்து வந்திருந்தால் ஆக்சிஜன் இப்படிக் குறைந்திருக்காது. கடல்தான் வாயுவை வெளியேற்றுகிறது என்றால் கடல்நீரில் அது குறைந்திருக்க வேண்டும். அங்கேயும் கூடிக்கொண்டுதான் போகிறது, அதனால் நீரின் அமிலத்தன்மை ஏறுகிறது. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் வெளியிடுவது நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு.

இப்போது சூரியன். இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விடவில்லை. 1978இலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனின் ஆற்றலை நேரடியாக அளந்துவருகின்றன. பதினோரு வருடச் சுழற்சியில் அது சுமார் 0.1 சதவீதம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். இந்த நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேலான காலத்தில் நீண்டகால ஏற்றம் எதுவும் இல்லை. 2008 டிசம்பரில் தொடங்கி 2019 டிசம்பர் வரை நடந்த சூரியச் சுழற்சி சுமார் நூறு வருடத்தில் மிகவும் பலவீனமானது. அந்தக் காலத்தில்தான் பூமி அதுவரை இல்லாத வெப்பச் சாதனைகளைத் தொட்டது. (நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்துவருகிறது. உலகிலேயே மிக நீண்ட பதிவுகளில் ஒன்று. சூரியனை விஞ்ஞானிகள் மறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மலையும் அங்கே அடுக்கி வைத்திருக்கும் படத்தகடுகளும்தான் ஞாபகம் வரும்.)

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சூரியன் கூடுதலாகச் சூடாக்கினால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை மொத்தமும் சூடாக வேண்டும். கரியமில வாயு போன்ற, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் வாயுக்கள் காரணம் என்றால் கீழ்ப்பகுதி சூடாகும், ஓசோன் இருக்கும் அடுக்கும் அதற்கு மேலேயும் குளிரும். 1967இலேயே சியுகுரோ மனபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் தங்கள் கணினி மாதிரியில் இதைக் கணித்து எழுதிவிட்டார்கள். சோதிக்கத் தேவையான செயற்கைக்கோள் அளவீடு அப்போது இல்லை. பிறகு வந்த அளவீடுகளில் கீழே சூடு, மேலே குளிர். ஓசோன் அடுக்கின் கீழ்ப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு. அதற்கும் மேலே, ஓசோனை வைத்து மட்டும் விளக்க முடியாத உயரத்திலும், குளிர்ச்சி கணக்கிட்டபடியே தெரிகிறது. மனபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 'எல்லாம் சூரியன்தான்' என்பவர்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: மேலே ஏன் குளிர்கிறது? இதுவரை பொருந்தும் பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

'பழைய காலத்தில் வெப்பம்தான் முதலில் ஏறியது, கரியமில வாயு பின்னால்தான் ஏறியது, பனிக்கட்டிப் பதிவே அப்படிச் சொல்கிறதே' என்பது அடிக்கடி வரும் இன்னொரு வாதம். அண்டார்டிகாவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். பனியுகங்கள் முடிந்ததைத் தொடங்கி வைத்தது பூமியின் சுற்றுப்பாதையில் நடக்கும் மெதுவான மாற்றம். கடல் சூடானதும் வாயு வெளியே வந்தது, வந்த வாயு சூட்டை இன்னும் ஏற்றியது. அப்போது தொடங்கி வைத்தது சுற்றுப்பாதை, இப்போது தொடங்கி வைத்தது நாம். அந்த வாயு சூடாக்கும் என்பதில் இரண்டு காலத்துக்கும் வித்தியாசம் இல்லை.

நேர்மையான கருத்து வேறுபாடு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அலபாமா செயற்கைக்கோள் கதையைப் படிக்க வேண்டும். 1990இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி இருவரும் செயற்கைக்கோள் வழியாக வளிமண்டல வெப்பத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். அருமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தரையில் இருந்த வெப்பமானிகள் சூடாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த 1990களில், அவர்கள் கணக்கு ஏறத்தாழ ஏற்றமே இல்லை, கொஞ்சம் குளிர்கிறது என்றுகூடக் காட்டியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சந்தேகக்காரர்களின் முக்கிய ஆயுதமே இதுதான். 1998இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். செயற்கைக்கோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகின்றன, உயரம் குறைவதைக் கணக்கில் எடுக்காததால் பொய்யான குளிர்ச்சி தெரிகிறது. அடுத்து 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் இன்னொரு பிழையைக் காட்டினார்கள். செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் வருடக்கணக்கில் நகர்ந்துகொண்டே போகும், அதற்கான திருத்தத்தில் கூட்டலும் கழித்தலும் மாறிப்போயிருந்தது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். இன்றைக்கு அவர்களுடைய பதிவே பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றம் காட்டுகிறது. மற்ற பதிவுகளைவிடக் குறைவு, ஆனால் ஏற்றம். இருவரும் இன்னும் சந்தேகப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் தரவு அவர்களை விட்டு நகர்ந்துவிட்டது.

இரண்டாவது கதை ரிச்சர்ட் முல்லருடையது. பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். தரை வெப்பநிலைப் பதிவுகள் மேல் அவருக்குப் பலமான சந்தேகங்கள் இருந்தன. நகரங்கள் வளர்ந்து வெப்பமானிகளைச் சூழ்ந்துகொண்டதால் சூடு கூடித் தெரிகிறதா? ஏர் கண்டிஷனர் பக்கத்தில், தார்ச்சாலை ஓரத்தில் வைத்த வெப்பமானிகளை நம்பலாமா? ஆய்வாளர்கள் வேண்டிய நிலையங்களைப் பொறுக்கி எடுக்கிறார்களா? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். 2010இல் பெர்க்லி எர்த் என்ற குழுவைத் தொடங்கினார். எண்ணெய்த் தொழிலில் பணம் சம்பாதித்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்கு ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்தது. பின்னால் நோபல் பரிசு பெற்ற சால் பெர்ல்மட்டரும் அந்தக் குழுவில் இருந்தார். சுமார் 39,000 நிலையங்களின் பதிவுகளை எடுத்து, புதுப் புள்ளியியல் முறையில் முதலிலிருந்து கணக்கிட்டார்கள். சந்தேகக்காரர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வெப்பமானி நிலையங்களின் தரத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த ஆந்தனி வாட்ஸ், முடிவு எதுவாக இருந்தாலும் ஏற்பேன், என் கருத்துக்கு எதிராக வந்தாலும் ஏற்பேன் என்று 2011 மார்ச்சில் எழுதினார்.

அக்டோபரில் முடிவு வந்தது. பழைய குழுக்கள் சொன்னது சரி. நகர வெப்பம் உண்மை, ஆனால் உலக சராசரியை அது மாற்றவில்லை. தரம் குறைந்த நிலையங்களும் நல்ல நிலையங்களும் ஒரே ஏற்றத்தைக் காட்டின. 2012 ஜூலையில் முல்லர் இன்னும் ஓர் அடி போனார். கடந்த 250 வருடத்தில் நிலப்பகுதி சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, அது ஏறத்தாழ முழுக்க மனிதர்களால்தான் என்று வெளிப்படையாக எழுதினார். சூரியனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பொருந்தவில்லை, கரியமில வாயுவின் ஏற்றத்தோடு ஒப்பிட்டதில் பொருந்தியது என்பதுதான் அவர் சொன்ன காரணம். வாட்ஸ் அந்த முடிவை ஏற்கவில்லை. முறை சரியில்லை, எடுத்துக்கொண்ட கால அளவு சரியில்லை என்றார். முன்பு சந்தேகம் எழுப்பிய இரண்டு பேர், ஒரே தரவு. ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார், இன்னொருவர் சந்தேகத்தின் இடத்தை மாற்றினார். நீங்கள் இணையத்தில் எந்த விவாதத்தைப் பார்த்தாலும் இதைக் கவனியுங்கள். 'சூடாகவே இல்லை' என்றவர் கொஞ்ச நாளில் 'சூடாகிறது, ஆனால் சூரியனால்' என்பார். அப்புறம் 'நம்மால்தான், ஆனால் நல்லதுதான்' என்பார். கடைசியில் 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்பார். ஒவ்வொரு இடத்திலும் குரலில் உறுதி மட்டும் குறையாது.

மறுபக்கத்திலும் தப்பு நடந்திருக்கிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே நடந்தது அது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழுவான ஐபிசிசி 2007இல் வெளியிட்ட அறிக்கையின் ஆசியா அத்தியாயத்தில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துபோக வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி வந்துவிட்டது. அது எந்த ஆய்விலும் இருந்து வந்ததில்லை. 1999இல் ஒரு அறிவியல் வார இதழில் வந்த பேட்டியிலிருந்து ஒரு தொண்டு நிறுவன அறிக்கைக்குப் போய், அங்கிருந்து ஐபிசிசிக்கு வந்தது. 2009 நவம்பரில் நம் சுற்றுச்சூழல் அமைச்சகம், புவியியல் ஆய்வுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற வி.கே. ரைனா எழுதிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. பனிப்பாறைகள் வழக்கத்துக்கு மாறாக உருகுவதாகச் சொல்ல முடியாது என்றது அது. அப்போது ஐபிசிசி தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி அதைப் பில்லி சூனிய அறிவியல் என்கிற தொனியில் சாடினார். இரண்டு மாதத்தில் ஐபிசிசியே 2035 என்பது தவறு என்று வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. பச்சௌரி அப்படிப் பேசியது பெரிய தவறு. அந்த ஒரு வாக்கியம் இந்தியாவில் காலநிலை அறிவியல் மேல் விதைத்த அவநம்பிக்கை இன்றும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பிழையைப் பிடித்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பனிப்பாறை விஞ்ஞானிகள்தான். ஆஸ்திரியாவின் கியோர்க் காசர் அறிக்கை அச்சாவதற்கு முன்பே எச்சரித்தார், கனடாவின் கிரஹாம் காக்லி எண் எங்கிருந்து வந்தது என்று வேரைத் தோண்டி எடுத்தார். காலநிலை மாற்றம் பொய் என்று நினைத்தவர்கள் அல்ல இவர்கள். சரி, பனிப்பாறைகள் என்ன ஆயின? அமெரிக்காவின் பழைய உளவுச் செயற்கைக்கோள்கள் 1970களில் எடுத்த படங்கள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுபட்ட பிறகு, அவற்றை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. இமயமலையின் 2,000 கிலோமீட்டர் நீளத்தில் சுமார் 650 பனிப்பாறைகள். 1975 முதல் 2000 வரை கரைந்த வேகத்தைப்போல 2000க்குப் பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்திருக்கின்றன. 2035 தவறு. ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் தவறு.

2009இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்திலிருந்து காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியான விவகாரத்தையும் சிலர் இழுப்பார்கள். நாடாளுமன்றக் குழு உட்படப் பல விசாரணைகள் நடந்தன. தரவைத் திரித்ததாக எந்த விசாரணையும் சொல்லவில்லை. தரவுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பதில் தயக்கம் காட்டினார்கள் என்று கண்டித்தன. அந்தக் கண்டனம் நியாயமானது.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் பொதுமக்களிடம் 'இன்னும் தெளிவில்லை' என்ற எண்ணம் எப்படித் தங்கியது? இதற்குப் பதில் எண்ணெய் நிறுவனங்களின் ஆவணங்களிலேயே இருக்கிறது. 1977இல் எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதால் உலகம் சூடாகும் என்று தன் நிர்வாகத்தினருக்கு விளக்கினார். அந்த நிறுவனத்தின் ஆட்கள் அடுத்த சில வருடங்களில் போட்ட கணிப்புகளை 2023இல் ஜெஃப்ரி சுப்ரான், ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப், நவோமி ஒரெஸ்கஸ் மூவரும் எடுத்து உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான கணிப்புகள் துல்லியமாக இருந்தன. உள்ளே அப்படி. வெளியே, 1997இல் அதே நிறுவனத்தின் தலைவர் லீ ரேமண்ட் பெய்ஜிங்கில் நடந்த மாநாட்டில், பூமி இருபது வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது குளிர்ந்திருக்கிறது என்று பேசினார். இதை முதலில் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தெரியாமல் சொன்ன பொய்யை மன்னிக்கலாம்.

வழிமுறை புதியதல்ல. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை என்று நிரூபிக்க வேண்டாம், சந்தேகத்தை உயிரோடு வைத்திருந்தாலே போதும் என்று புகையிலை நிறுவனங்கள் 1960களிலேயே தங்கள் உள்சுற்றறிக்கைகளில் எழுதிக்கொண்டன. ஆட்களில் சிலரும் அதே ஆட்கள்தான். ஃபிரெடரிக் சைட்ஸ் பெரிய இயற்பியலாளர், அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் முன்னாள் தலைவர். ஓய்வுக்குப் பிறகு ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் புகையிலை நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். 1996இல் ஐபிசிசி அறிக்கையின் முக்கிய அத்தியாயத்தை எழுதிய பென் சான்டர் ஆதாரங்களைத் திருத்திவிட்டார் என்று பத்திரிகையில் குற்றம் சாட்டியவர் அவர்தான். மனிதர் விடும் வாயுவால் பேராபத்து வரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று, 1998இல் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டதாகச் சுற்றிய ஓரிகன் மனுவுக்கு முன்கடிதம் எழுதியவரும் அவர்தான். மனுவோடு வந்த கட்டுரை தேசிய அறிவியல் கழக இதழின் தோற்றத்திலேயே அச்சாகியிருந்ததால், அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கழகமே அறிவிக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் காலநிலையை ஆராய்ந்தவர்கள் மிகச் சிலர்.

எதிர்ப்பக்கத்தில் '97 சதவீத விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்கிறார்கள்' என்று சொல்வார்கள். 2013இல் ஜான் குக் குழு சுமார் 12,000 ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்து எடுத்த எண் அது. காரணம் பற்றி ஏதாவது சொன்னவற்றில் 97 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு சுருக்கங்கள் காரணத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஒப்புக்கொண்டுவிட்ட விஷயத்தை யாரும் ஒவ்வொரு கட்டுரையிலும் எழுத மாட்டார்கள் என்பதால் அதில் ஆச்சரியமில்லை. இருந்தாலும் எனக்கு இந்த எண்ணை வாதமாக வைப்பதில் விருப்பமில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு மேலடுக்கு குளிர்வதும் கார்பன் 14 நீர்த்துப்போவதும்தான் பதில், கை தூக்கியவர்களின் எண்ணிக்கை அல்ல.

இப்போதும் இது ஓயவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் துறை ஐந்து பேரை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மேலே சொன்ன கிறிஸ்டி, ஸ்பென்சரோடு ஜூடித் கரி, ஸ்டீவன் கூனின், ராஸ் மெக்கிட்ரிக். அதே நாளில் பசுங்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்கு ஆபத்து என்ற 2009ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ முடிவைத் திரும்பப் பெறப்போவதாக அந்த நாட்டின் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. சில வாரங்களில் 85க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் 400 பக்கங்களுக்கு மேல் வரிக்கு வரி பதில் எழுதினார்கள். உங்களுக்கு நேரமிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கரியமில வாயு சூடாக்குகிறது என்பதை அந்த ஐந்து பேருமே மறுக்கவில்லை என்பது தெரியும். எவ்வளவு, எவ்வளவு கெடுதல் என்பதில்தான் அவர்கள் வாதம்.

அந்த 'எவ்வளவு' என்ற இடத்தில் உண்மையான, சூடான அறிவியல் விவாதம் இருக்கிறது. அதில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. வீரபத்ரன் ராமநாதன், சென்னையில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அவற்றிலிருந்து கசியும் குளோரோஃபுளோரோகார்பன் வாயு அவருக்குப் பழக்கமாகியிருந்தது. பிறகு அமெரிக்காவில், 1975இல், அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுக்கு இணையாகச் சூடாக்கும் என்று கண்டுபிடித்தார். 1980இல் ரோலண்ட் மேடனோடு சேர்ந்து, மனிதர்கள் உண்டாக்கிய சூடு 2000ஆம் ஆண்டுக்குள் இயற்கையான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்துக் காணும்படி தெரிந்துவிடும் என்று கணித்தார். அப்படியே நடந்தது.

1999இல் மாலத்தீவை மையமாக வைத்து நடந்த இந்துமாக்கடல் ஆய்வில், தெற்காசியாவின் மேல் குளிர்காலத்தில் பரவும் பழுப்புப் புகைப்படலத்தை அவர் குழு அளந்தது. விறகடுப்பு, டீசல், வயல் எரிப்பு, அனல் மின்நிலையம் எல்லாம் சேர்ந்த புகை அது. 2002இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயரிட்டு அறிக்கையாக வெளியிட்டதும் இந்தியாவில் கடும் எதிர்ப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அறிக்கை ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறது என்று எழுதினார்கள். காட்கில் பருவமழையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், அவர் கேள்விகள் கனமானவை. பெயரிலிருந்து ஆசியா பின்னால் நீங்கியது, அளவீடுகள் கூடின, துகள்மாசு சூரிய ஒளியைத் தடுத்து நிலத்தைக் குளிர்விக்கிறது என்பது உறுதியானது. பருவமழையை அது எவ்வளவு பாதிக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

'உலகம் சூடாகிறது என்றால் இந்தியாவில் ஏன் குறைவாகச் சூடாகியிருக்கிறது' என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால் அதற்கான பதிலில் பாதி இந்தப் புகைதான். புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி ஏற்றம் சுமார் 0.7 டிகிரி. உலக நிலப்பரப்பின் சராசரியைவிடக் குறைவு. துகள்மாசும் நில மாற்றங்களும் சூட்டின் ஒரு பகுதியை மறைத்திருக்கின்றன என்று அந்த மதிப்பீடே சொல்கிறது. உலக அளவில் துகள்கள் மறைத்திருக்கும் சூடு 0.4 டிகிரி அளவில் இருக்கும் என்பது ஐபிசிசியின் மைய மதிப்பு. உண்மையில் அது ஏறத்தாழ பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.8 வரையும் போகலாம். இவ்வளவு பெரிய இடைவெளி.

விஞ்ஞானிகள் இப்போது ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வது இங்கேதான். 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தக அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5ஆகக் குறைத்தார்கள். வெயிலைத் தடுக்கும் கந்தகப் புகை கடல் மேல் குறைந்தது, 2023இல் உலக வெப்பம் எதிர்பார்த்ததைவிடத் தாவியது. 1988இல் அமெரிக்க செனட்டில் எச்சரித்த காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், மறைந்திருந்த சூடு வெளியே வருகிறது, துகள்களின் பங்கையும் கரியமில வாயுவின் பலத்தையும் நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்கிறார். இன்னொரு காலநிலை விஞ்ஞானியான மைக்கேல் மேன் உள்ளிட்ட பலர், இது பழைய கணிப்புகளின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஹான்சன் மிகைப்படுத்துகிறார் என்கிறார்கள். மேகங்கள் எப்படி மாறும் என்பது சரியாகத் தெரியாதவரை இதற்கு முடிவு கிடையாது. ஆனால் இரண்டு தரப்பும் அளந்து பார்த்துத் தீர்க்கக்கூடிய விஷயத்தில்தான் வாதாடுகின்றன. அடுத்த சில வருடச் செயற்கைக்கோள் அளவீடுகள் யார் பக்கம் சாயும் என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹான்சன் சொல்வது சரியென்றால், டெல்லியும் கங்கைச் சமவெளியும் தங்கள் காற்றைச் சுத்தம் செய்யும்போது அதுவரை புகை மறைத்து வைத்திருந்த வெயில் அங்கேதான் முதலில் இறங்கும். காற்றைச் சுத்தம் செய்யாமலும் இருக்க முடியாது, அதனால்தான் நிலக்கரியைக் குறைப்பதை அதற்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கிறது.